மாடியில் சோலார் போட்டால் லாபமா, நஷ்டமா?

தர்மபுரியில் இருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், அதியமான்கோட்டையைத் தாண்டினால் நல்லம்பள்ளி வரும். வெயிலுக்குப் பஞ்சம் இல்லாத ஊர். பஞ்சம் எல்லாம் தண்ணீருக்குத்தான்.

இத்தனை காலமும் அந்த வெயிலைத் திட்டிக்கொண்டு இருந்தோம். மாங்காய் உலர்த்தவும், ராகி காய வைக்கவும், வடாம் போடவும் மட்டும் அது உதவியது. இப்போது அதே வெயிலைக் காட்டி, "உங்கள் மாடியில் பணம் காய்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

"சோலார் போடுங்கள்! 78 ஆயிரம் ரூபாய் மானியம்! கரண்டு பில்லே வராது!"

இதில் எவ்வளவு உண்மை?

மானியம் உண்மை. பில் குறைவதும் உண்மை. ஆனால் எல்லா வீட்டுக்கும் அது லாபமா என்று கேட்டால், இல்லை. சில வீடுகளுக்குக் கொழுத்த லாபம். சில வீடுகளுக்கு வெறும் கடன். உங்கள் வீடு எந்த ரகம்? அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

என்ன மானியம்?

2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. பெயர், "பிரதமர் சூர்ய கர்" திட்டம். ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்சாரம் என்பது குறி. அதற்கு ஒதுக்கிய தொகை 75,021 கோடி ரூபாய். 2026-27 நிதியாண்டு வரை நடத்துவது என்று அப்போது முடிவு செய்தார்கள்.

மானியக் கணக்கு இது: 1 கிலோவாட் போட்டால் 30,000 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் 60,000 ரூபாய். 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதே 78,000தான்.

கவனித்தீர்களா? முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000. மூன்றாவதற்கு 18,000 மட்டும். அரசாங்கமே "அளவோடு போடு" என்று சொல்வது போல் இல்லையா?

கிலோவாட் என்றால் என்ன?

பயப்பட வேண்டாம். 1 கிலோவாட் சோலார் என்றால், மாடியில் சுமார் 100 சதுர அடி இடத்தை அடைக்கும் தகடுகள். நம் பக்கத்து வெயிலில் அது ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். மேகம் மூடிய நாளில் குறையும். பங்குனி, சித்திரையில் கூடும். சராசரியாக இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தகடு புதிய சரக்கு அல்ல. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், உதவக் கூடிய முதல் சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். தன் மேல் விழும் வெயிலில் 100-க்கு 6 பங்கைத்தான் அது மின்சாரமாக மாற்றியது. அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே முதலில் விண்வெளிக்குப் போகும் செயற்கைக் கோள்களுக்குத்தான் அது பயன்பட்டது. இன்று நம் மாடியில் போடும் தகடு 100-க்கு 20 பங்குக்கு மேல் மாற்றுகிறது. விலையும் பல மடங்கு விழுந்து விட்டது.

பகலில் தகடு மின்சாரம் தரும். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பெரியவர்கள் வேலையில். அந்த மின்சாரம் எங்கே போகும்?

கம்பி வழியாக மின் வாரியத்துக்குப் போகும். இரவில் நமக்கு வேண்டியது அங்கே இருந்து திரும்பி வரும். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டு பக்கமும் எண்ணும் மீட்டர் ஒன்றை வைப்பார்கள். வந்ததில் போனதைக் கழித்து, மீதிக்கு மட்டும் பில். பக்கத்து வீட்டுக்குப் பகலில் ஒரு படி அரிசி கொடுத்து, ராத்திரி ஒரு படி வாங்கிக்கொள்வது மாதிரி.

தமிழ்நாட்டில் 2019-ல் இந்தக் கழித்தல் முறையை எடுத்து விட்டு, நாம் கொடுப்பதற்குக் குறைந்த விலை என்று வைத்தார்கள். ஜனங்களுக்கு அது கட்டுப்படி ஆகவில்லை. 2021 அக்டோபரில் வீடுகளுக்கு மறுபடியும் கழித்தல் முறை வந்தது.

பில்லில் ஒரு படிக்கட்டு

சோலார் லாபமா, நஷ்டமா என்பது தகட்டில் இல்லை. உங்கள் பில்லில் இருக்கிறது. நம் மாநிலத்துப் பில் ஒரு படிக்கட்டு. மேலே ஏற ஏற விலையும் ஏறும்.

2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆனது. 2022 செப்டம்பரில் கட்டணம் திருத்தினார்கள். அதன்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய்.

இங்கேதான் ஒரு பொல்லாத படி இருக்கிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டி விட்டால், 101-ல் இருந்தே யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. 2 ரூபாய் 25 காசுச் சலுகை போய் விடும். அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9 ரூபாய், 1,000 வரை 10 ரூபாய், அதையும் தாண்டினால் 11 ரூபாய்.

500 யூனிட் ஓட்டினால் பில் 1,725 ரூபாய். 600 யூனிட் ஓட்டினால் 2,750 ரூபாய். நூறு யூனிட்டுக்கு ஆயிரத்து இருபத்தைந்து ரூபாய் வித்தியாசம்! பில்லைப் பார்த்து வீட்டில் சண்டை வருவது இந்தப் படியில்தான்.

பிறகு 2024-ல் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. புரிந்துகொள்ள வசதியாக 2022 விலையிலேயே கணக்குப் போடுவோம். உங்கள் பில்லில் உள்ள விலையை வைத்து நீங்கள் சரி செய்துகொள்ளலாம்.

செலவையும் ஒரு அளவில் வைத்துக்கொள்வோம். மானியம் வகுத்தபோது அரசாங்கம் போட்ட மதிப்பு, முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய், மூன்றாவதற்கு 45,000 ரூபாய். ஆனால் கம்பெனிகள் அதற்கு மேல் கேட்பது வழக்கம். இரும்புச் சட்டம், வயர், கூலி என்று சேரும். கிலோவாட்டுக்கு 70,000 ரூபாய் என்று வைப்போம். உங்களுக்குக் குறைவாகக் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மூன்று வீடுகள்

முதல் வீடு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மூன்று விளக்கு, இரண்டு மின்விசிறி, டெலிவிஷன், மிக்ஸி. நல்லம்பள்ளி வட்டாரத்துக் கிராமங்களில் இப்படிப்பட்ட வீடுகள்தான் ஏராளம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடுகிறது. பில் 225 ரூபாய்.

1 கிலோவாட் போட்டால் 70,000-ல் மானியம் 30,000 போகக் கைப்பணம் 40,000. மிச்சம் ஆவது எவ்வளவு? பில் முழுவதும் போனாலும் 225 ரூபாய்தான். வருஷத்துக்கு 1,350 ரூபாய். போட்ட 40,000 திரும்பி வர முப்பது வருஷம் ஆகும்! தகட்டுக்குக் கம்பெனிகள் உறுதி தருவதே பெரும்பாலும் 25 வருஷத்துக்குத்தான்.

இந்த வீட்டுக்காரர் கடன் வாங்கிப் போட்டால் இன்னும் மோசம். 40,000-க்கு 7 சதவிகித வட்டி என்றால் முதல் வருஷ வட்டி மட்டும் 2,800 ரூபாய். மிச்சம் ஆவதோ 1,350. வட்டியையே கட்ட முடியாது. முதல் எப்போது தீரும்?

ஆகவே, பில் 300, 400 ரூபாய்க்குள் வரும் வீட்டார், யார் வந்து எவ்வளவு இனிக்கப் பேசினாலும், "வேண்டாங்கண்ணா" என்று சொல்லி அனுப்பி விடலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. குறைவாகச் செலவு செய்கிறவருக்கு, மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. அவ்வளவுதான்.

இரண்டாவது வீடு. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், கோடையில் ஓடும் ஒரு ஏ.சி. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். பில் 2,750 ரூபாய்.

1 கிலோவாட் போட்டால் 240 யூனிட் கழியும். மீதி 360. அதற்குப் பில் 945 ரூபாய். மிச்சம் 1,805 ரூபாய்! 500-க்குக் கீழே இறங்கியதால் சலுகை விலையும் திரும்பி வந்து விட்டது. வருஷத்துக்கு 10,830 ரூபாய். கைப்பணம் 40,000 நான்கு வருஷம் முடிவதற்குள் திரும்பி விடும்.

சரி, இரண்டாவது கிலோவாட்டும் போட்டால்? மீதி 120 யூனிட். பில் 45 ரூபாய். கூடுதல் மிச்சம் 900 ரூபாய். அந்த இரண்டாவது 40,000 திரும்ப ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். பரவாயில்லை, போடலாம்.

மூன்றாவது? "78 ஆயிரம் மானியத்தை விடலாமா?" என்று ஆசை காட்டுவார்கள். மூன்றாவது கிலோவாட்டுக்கு 70,000. மானியம் 18,000 போகக் கைப்பணம் 52,000. அதனால் மிச்சம் ஆவது, பில்லுக்கு 45 ரூபாய்! வருஷத்துக்கு 270 ரூபாய். போட்ட பணம் திரும்ப 190 வருஷத்துக்கு மேல் ஆகும். கொள்ளுப் பேரனின் பேரன் வந்து கணக்கு முடிக்க வேண்டும்.

மிச்ச யூனிட்டை மின் வாரியம் எடுத்துக்கொள்ளாதா? எடுத்துக்கொள்ளும். ஆனால் நம் யூனிட்டுக்கு அங்கே கிடைக்கும் மதிப்பு, நாம் மேல் படியில் கொடுக்கும் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கரண்டு வியாபாரம் செய்து பணக்காரர் ஆகலாம் என்ற நினைப்பில் பெரிதாகப் போட வேண்டாம்.

மூன்றாவது வீடு. மாடியும் கீழுமாகப் பெரிய வீடு. இரண்டு ஏ.சி. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட். பில் 6,550 ரூபாய். இவர் 3 கிலோவாட் போட்டால் 720 யூனிட் கழியும். மீதி 280-க்குப் பில் 585 ரூபாய். மிச்சம் 5,965 ரூபாய். வருஷத்துக்கு 35,790 ரூபாய்! கைப்பணம் 1,32,000 நான்கு வருஷத்துக்குள் திரும்பும். அதற்குப் பிறகு இருபது வருஷம் வருவது எல்லாம் லாபம்.

ஆக, அரசாங்கத்தின் 78,000 ரூபாய் யாருக்கு நன்றாக உதவுகிறது? இரண்டு ஏ.சி. வைத்தவருக்கு! ஓட்டு வீட்டுக்காரருக்கும், தகரக் கூரைக்காரருக்கும், வாடகைக்குக் குடி இருப்பவருக்கும் இதில் எட்டுவது கொஞ்சம்தான். மானியம் நல்லதுதான். ஆனால் பந்தியில் முதல் வரிசை யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

முன்பு ஒரு திட்டம் ஏழைகளை நினைத்து வந்தது. தமிழ்நாடு அரசாங்கம் 2011-ல் பசுமை வீடு திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடியில் வீடு. அதில் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். வருஷத்துக்கு 60,000 வீடுகள், ஐந்து வருஷத்தில் 3 லட்சம் வீடுகள் என்று திட்டம். 2012-ல் சூரிய சக்திக் கொள்கை வந்தது. அப்போது மாடியில் சோலார் போடும் வீட்டுக்காரருக்கு, உற்பத்தி ஆகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னார்கள். முதல் இரண்டு வருஷம் 2 ரூபாய், அடுத்த இரண்டு வருஷம் 1 ரூபாய், அதற்கு அடுத்த இரண்டு வருஷம் 50 காசு. இப்போது அந்தச் சில்லறைக் கணக்கு இல்லை. ஒரே தொகையாக வங்கிக்கு வந்து விடுகிறது.

கரண்டு போனால் விளக்கு எரியுமா?

இதைத்தான் பலரும் கேட்காமல் விட்டு, பிறகு சண்டை போடுகிறார்கள்.

மாடியில் வெயில் கொளுத்துகிறது. தகடு பளபளக்கிறது. தெருவில் கரண்டு போகிறது. உங்கள் வீட்டிலும் விளக்கு அணைந்து விடும்!

ஏன்? கம்பத்தில் லைன்மேன் ஏறி வேலை செய்வார். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுவார். அந்த நேரத்தில் உங்கள் மாடியில் இருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால் அவர் உயிர் போய் விடும். அதனால் கம்பியில் கரண்டு நின்றதும் இன்வெர்ட்டர் தானாக நின்று விடும்படி செய்திருக்கிறார்கள். இது குறை அல்ல. காப்பு.

மின்தடையிலும் விளக்கு வேண்டும் என்றால் பேட்டரி வைத்த ஏற்பாடு வேண்டும். அதற்குத் தனிச் செலவு. பேட்டரிக்கு இந்த மானியம் கிடையாது. சில வருஷத்துக்கு ஒரு முறை பேட்டரியை மாற்றவும் வேண்டும். ஆகவே, "கரண்டு போனால் என்ன ஆகும்?" என்ற கேள்வியை முதலிலேயே கேட்டு விடுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற ஆளிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நிழலும் தூசியும்

தகட்டுக்கு நிழல் ஆகாது. தென்னை ஓலை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் குறையக் கூடும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, நம் வீட்டுப் புளிய மரம், வருகிற வருஷம் எதிர் வீட்டார் எழுப்பப் போகும் மாடி, எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். காலை 9 மணிக்கும், உச்சியிலும், மாலை 4 மணிக்கும் ஒரு முறை மாடி ஏறிப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்து விடும். தகடு தெற்குப் பார்த்துச் சற்றே சாய்ந்து இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் கிளப்பும் தூசி சாதாரணமா? தகட்டின் மேல் தூசி படிந்தால் வருமானத்தின் மேல் தூசி படிந்த மாதிரி. மாதம் இரண்டு முறை துடைக்க வேண்டும். இதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் கொட்ட வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும், மெத்தென்ற துணியும் போதும். உச்சி வெயிலில், சுடுகிற கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். விடியற்காலையில் செய்யுங்கள்.

தகடு இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். இன்வெர்ட்டர் அத்தனை காலம் தாங்காது. நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவுக்கு என்று, மிச்சம் ஆகிற பணத்தில் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

பணம் எப்போது வரும்?

மானியம் முதலில் கைக்கு வராது. இதை நன்றாக மனதில் வையுங்கள். 2 கிலோவாட்டுக்கு 1,40,000 ரூபாய் என்றால், முழுத் தொகைக்கும் நீங்கள்தான் முதலில் வழி செய்ய வேண்டும். வேலை முடிந்து, புதிய மீட்டர் வைத்து, மின் வாரிய அதிகாரி பார்த்துச் சான்று கொடுத்த பிறகுதான் 60,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கில் விழும்.

கைப்பணம் இல்லாதவருக்கு அரசு வங்கிகள் 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன. 2024-ல் திட்டம் தொடங்கியபோது வட்டி சுமார் 7 சதவிகிதம். ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றி இறக்கினால் இதுவும் ஏறி இறங்கும். நம் இரண்டாவது வீட்டுக்காரர் 2 கிலோவாட்டுக்கு 80,000 கடன் வாங்கினால் முதல் வருஷ வட்டி 5,600 ரூபாய். பில்லில் மிச்சம் 16,230 ரூபாய். அவர் தாராளமாக வாங்கலாம். மீட்டர் வட்டிக்கோ, நகையை அடகுக் கடையில் வைத்தோ இதைச் செய்வது மட்டும் கூடாது.

இன்னொரு செய்தி. சோலார் தகட்டின் மேல் இருந்த ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. பழைய விலைப் பட்டியலை நீட்டினால், "வரி குறைந்ததே, எனக்கு எங்கே குறைந்தது?" என்று கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

விண்ணப்பம் இணையதளம் வழியாகத்தான். மின் இணைப்பு எண், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். காலமான தாத்தா பெயரிலேயே இணைப்பு இருக்கும் வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் சோலார். உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்பதையும் மின் வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கு மேல் சோலார் போட முடியாது.

தகடு போடும் கம்பெனி, திட்டத்தில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். தகடும், அதன் உள்ளே இருக்கும் மின்கலமும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் மானியம் கிடைக்காது. ஐந்து வருஷம் பராமரிப்பது கம்பெனியின் கடமை. அதை வாயால் சொன்னால் போதாது, காகிதத்தில் எழுதி வாங்குங்கள். ஒரே கம்பெனியிடம் நிற்காமல் மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஆடு வாங்கச் சந்தைக்குப் போனால் முதல் ஆட்டையேவா ஓட்டி வருகிறோம்?

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. கடந்த ஒரு வருஷத்து ஆறு பில்லையும் எடுத்து, யூனிட்டை மட்டும் கூட்டி, ஆறால் வகுத்துப் பாருங்கள். வருவது 250-க்குக் கீழே என்றால் காகிதத்தை மடித்து வைத்து விட்டு வேறு வேலை பார்க்கலாம். 500-க்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ என்றால், சாயங்காலம் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, மாடிக்கு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் இடத்தை அளக்கலாம்.